நாளைக்கு என்றால் நாளைக்கே தரும் தையல்கடை

சீர்காழியில் ரவிக்கை தைக்க ஆள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைவீதியை ஒட்டிய சந்தில், ஒரு வீட்டின் முன்னறை. ஒரே மிஷின். பெயர்ப்பலகை கிடையாது. ‘தையல்கார அக்கா வீடு’ என்று கேட்டால் காட்டுவார்கள்.

முன்பு தைத்த இடத்துக்கு மூன்று வாரம் நடந்தேன். தங்கை மகள் வளைகாப்புக்கு எடுத்த அரக்குப் பட்டு அது. “நாளைக்கு வாங்க டீச்சர்” என்றால் துணியை இன்னும் வெட்டவே இல்லை. “நாளைக்குக் கண்டிப்பா” என்றால் வெட்டியாயிற்று, மிஷினில் ஏறவில்லை. “நாளைக்கு ஆறு மணிக்கு மேல வாங்க” என்றால் காஜாவும் ஊக்கும் பாக்கி. இதெல்லாம் புரிவதற்குள் வளைகாப்பே வந்துவிட்டது. பழைய ரவிக்கையோடு போனேன். பிள்ளைக்கு வளையல் அடுக்கும்போதும் மனசு ஆறவில்லை.

நான் தமிழ் வாத்தியார். இந்தச் சொல் வீணாவது எனக்குப் பொறுப்பதில்லை. பக்கத்திலேயே, வைத்தீஸ்வரன்கோயிலைத் தாண்டினால் திருப்புன்கூர். நந்தனார் வெளியே நின்று கும்பிட, நந்தி விலகிக்கொடுத்த ஊர். தில்லைக்குப் போக வேண்டும் என்று தவித்தவர், பிறந்த குலத்தைச் சொல்லி உள்ளே விடமாட்டார்களே என்று தயங்கி, “நாளைப் போவேன்” என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கழித்தார். அதுவே பெயராகி, 63 நாயன்மார்களில் திருநாளைப்போவார் ஆனார். அந்த ‘நாளை’ முழுக்க ஏக்கம். ஆளை அனுப்பிவைக்கச் சொன்னது இல்லை. “நாளைப்பின்ன ஒண்ணுன்னா யாரு இருக்கா?” என்று என் அம்மா கேட்பார். அதில் வருங்காலம் மொத்தமும் இருக்கும்.

இந்த அக்காவிடம் முதல் தடவை போனபோது நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “ஒரு நாளைக்கு நாலுதான் தைப்பேன் டீச்சர். இன்னைக்கும் நாளைக்கும் ஆள் இருக்கு. நாளான்னிக்கு வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு வாங்க.” நாளான்னிக்கு என்று சொன்னதோடு விடாமல் கிழமையையும் சேர்த்துச் சொன்னாரே, அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வெள்ளி பதினோரு மணிக்கு ரவிக்கை மடித்துத் தயாராக இருந்தது.

தையலும் நேர்த்தி. அளவு ரவிக்கை கொடுத்தாலும் தோளையும் கையையும் டேப் வைத்து மறுபடி அளக்கிறார். லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுகிறார்; அதனால் துவைத்தபின் சுருங்கி இழுப்பதில்லை. பக்கவாட்டில் பிரித்துக்கொள்ளத் துணி விட்டிருக்கிறார். கை மட்டும் சற்று இறுக்கமாக இருந்தது. சொன்னதும் முகம் சுளிக்கவில்லை. “நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு வாங்க” என்றார். ஒன்பதுக்குப் போனேன், பிரித்துத் தைத்து வைத்திருந்தார். அதற்குக் காசும் வாங்கவில்லை.

லைனிங் வைத்து 400 ரூபாய், சாதா 200. ஆரி வேலை செய்வதில்லை. செவ்வாய் விடுமுறை. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவார், அதற்குள் கொடுத்துவிடுங்கள்.