புரையேறலுக்கு அக்குபஞ்சர்: பன்னிரண்டு முறை போய் வந்த அனுபவம்

புரையேறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். போன ஐப்பசியில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குள் என் கணவருக்கு 11 முறை புரையேறியது. ஏழாவது முறைக்குப் பிறகு தட்ட எனக்குக் கை வரவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவருக்கு 68 வயது. மதுரையிலிருந்து தேனி போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோய் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கை நடுக்கத்துக்கும் நடையின் தயக்கத்துக்கும் பழகிவிட்டோம். விழுங்குவது சிரமமானதைத்தான் நாங்கள் தாமதமாகக் கவனித்தோம். எச்சில் வழிந்து சட்டைக் காலர் நனையும். கல்யாணப் பந்தியில் உட்காருவதை அவர் நிறுத்திக்கொண்டார். நான் அதைக் கூச்சம் என்று நினைத்தேன். நரம்பியல் மருத்துவர் பிறகுதான் விளக்கினார்: "எச்சில் கூடுதலாகச் சுரக்கவில்லை அம்மா. நாமெல்லாம் அறியாமலே அதை விழுங்கிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு அந்த விழுங்கல் குறைந்துவிட்டது." கையையும் காலையும் மந்தமாக்கிய அதே குறைவு, டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் குறைவு, நாக்கையும் தொண்டையையும் மந்தமாக்கியிருக்கிறது.

பக்கத்துத் தெருவில் ஒருவர் முகவாதத்துக்கு அக்குபஞ்சர் எடுத்துக் குணமானதாகச் சொன்னதால் அந்த எண்ணம் வந்தது. முதலில் போன இடத்தைப் பற்றி நீளமாக எழுத விரும்பவில்லை. நாடி பார்த்தார்கள். உடம்பு கழிவை வெளியேற்றுகிறது என்றார்கள். இன்றிலிருந்து எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுங்கள், மாத்திரைதான் நோயே என்றார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டோம். பார்க்கின்சனுக்கான முக்கிய மாத்திரையான லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதை எங்கள் மருத்துவர் முதல் சீட்டு எழுதிய அன்றே சொல்லியிருந்தார். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அன்று நாங்கள் நிறுத்தியிருப்போம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. மாத்திரையை நிறுத்துங்கள் என்ற அந்த ஒரு வார்த்தையை எங்கு கேட்டாலும், கட்டணம் கட்டியிருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது நிலையத்தைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. நடத்துபவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பெயரைப் பொதுவில் எழுதும் அளவுக்கு நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் முதலில் கேட்டது மாத்திரைப் பட்டியலை. "இதில் ஒன்றைக்கூட நான் தொட மாட்டேன்" என்றார். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பதைப் பார்த்துவிட்டு, நாக்கின் அடியில் போடும் ஊசிகள் இவருக்கு வேண்டாம், ரத்தம் கசியும் என்று முடிவு செய்தார். அந்த நிதானம்தான் எங்களை அங்கே உட்காரவைத்தது.

முதல் பார்வைக்கு 300 ரூபாய், பிறகு ஒவ்வொரு முறைக்கும் 450. வாரம் இரண்டு முறை, ஆறு வாரம். குரல்வளை மேட்டுக்கு மேலே, தாடைக்கு அடியில் ஒரு ஊசி. அந்த இடத்துக்கு லியான்சுவான் என்று சீனப் பெயர். பின்கழுத்தில் மண்டையோடு சேரும் இரண்டு குழிகளில் ஃபெங்சி. காது மடலுக்குப் பின்னால், முழங்காலுக்குக் கீழே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே. நடுங்கும் வலது கையை விட்டுவிட்டு இடது கையில் மட்டும் போட்டார். ஊசிகள் தலைமுடியைப் போல மெல்லியவை. ஒவ்வொரு முறையும் புதிய உறையை எங்கள் கண் முன்னே பிரித்தார். தாடைக்கு அடியில் போடும்போது மட்டும் ஒரு கனம் தெரிகிறது, வலி இல்லை என்று என் கணவர் சொன்னார்.

குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் அவரை மட்டமாகப் படுக்கவைத்தார்கள். கழுத்தில் ஊசி இருக்கும்போதே எச்சில் உள்ளே இறங்கி அவருக்கு இருமல் வந்துவிட்டது. உதவிக்கு நின்ற பெண் தண்ணீர் எடுக்க ஓடினாள். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர்! நான் தடுத்தேன். நிலையக்காரர் ஊசிகளை உடனே எடுத்துவிட்டார். அடுத்த முறையிலிருந்து சாய்வு நாற்காலியில் பாதி உட்கார்ந்த நிலையில்தான் எல்லாம் நடந்தது. திருத்திக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் விழுங்கல் சிரமம் என்று சொல்லி வந்தவரை முதலிலேயே அப்படிப் படுக்கவைத்திருக்கக் கூடாது.

நான் அங்கன்வாடியில் 28 ஆண்டுகள் பணி செய்தவள். குழந்தைகளின் எடையைப் பதிவேட்டில் எழுதி எழுதிப் பழகிய கை இது. ஊசி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒரு நோட்டுப் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம், எத்தனை முறை புரையேறுகிறது, ஒரு நாளில் எத்தனை துண்டு நனைகிறது என்று மூன்று கட்டம். தொடங்கும்போது 52 நிமிடம், 11 முறை, 4 துண்டு. ஆறாவது வாரக் கடைசியில் 44 நிமிடம், 5 முறை, 2 துண்டு.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் காட்டினேன். அவரும் மகிழ்ந்தார். அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் நரம்பியல் மருத்துவர், விழுங்கலைப் படம் பிடித்துப் பார்த்துவிடுவோம் என்று அனுப்பினார். எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற மருந்து கலந்த தண்ணீரையும் கூழையும் பிஸ்கட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கச் சொல்லி வீடியோ எடுக்கிறார்கள். பேச்சுக்கும் விழுங்கலுக்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் அந்தப் படத்தை எனக்குப் போட்டுக் காட்டினார். கூழ் மெதுவாக, ஆனால் சரியான வழியில் இறங்கியது. தண்ணீரில் ஒரு கோடு பிரிந்து மூச்சுக்குழாய்க்குள் போனது. என் கணவர் இருமவே இல்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

இருமல் குறைவதெல்லாம் குணம் அல்ல என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பார்க்கின்சன் நோயாளிகளில் பலருக்குத் தொண்டையின் உணர்வே மங்கிப்போகிறது. உணவும் நீரும் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. அதனால் வரும் நிமோனியாதான் இந்த நோய் உள்ளவர்களின் மரணத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. நான் ஆறு வாரமாகக் கட்டம் போட்டு எண்ணியது அவர் விழுங்கிய விதத்தை அல்ல, அவர் எத்தனை முறை இருமினார் என்பதை மட்டும்தான். ஊசி அவருடைய இருமலை அடக்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை விழுங்கல் கொஞ்சம் மேம்பட்டும் இருக்கலாம். அதை என் நோட்டு காட்டாது, ஊசி போடுபவரின் கையும் காட்டாது. படம்தான் காட்டும். அக்குபஞ்சர் நிலையத்துக்குப் போவதற்கு முன்பே இந்தப் பரிசோதனையை எடுக்காதது எங்கள் தவறு. அறிக்கை இல்லாமல் தொடங்க மாட்டேன் என்று அவர்களும் சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு செய்தவைதான் சாப்பாட்டு நேரத்தை மாற்றின. லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பாக நகர்த்தினார்கள். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் வாயும் நன்றாக வேலை செய்கிறது. பருப்பும் பாலும் அதே நேரத்தில் போனால் மாத்திரையின் உறிஞ்சலுக்குத் தடை என்பதால் அவற்றைத் தள்ளிவைத்தோம். தண்ணீரிலும் காபியிலும் கெட்டியாக்கும் பொடி. ரசம் சாதம் நின்றது, ஏனென்றால் நீரும் சோறும் வாய்க்குள் தனித்தனியாகப் பிரிந்து ஓடும். அவல், பொரி, உதிரும் புட்டு எல்லாமே நின்றன. குழைத்த தயிர்சாதமும் கேழ்வரகுக் கூழும் தங்கின. தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கப் பழக்கினார்கள். இது எல்லோருக்கும் பொருந்தாது. இவருக்கு உதவுகிறது என்று வீடியோவில் பார்த்த பிறகுதான் சொல்லித் தந்தார்கள்.

பிறகு ஊதும் பயிற்சி. உள்ளே சுருள்வில் வைத்த சின்னக் குழாய் ஒன்று. பலமாக ஊதினால்தான் திறக்கும். ஐந்து ஊதல், ஐந்து சுற்று, வாரத்தில் ஐந்து நாள். மூச்சை வெளியே தள்ளும் தசைகளுக்கு வலு வந்தால் இருமலும் பலமாக வரும், விழுங்கும்போது குரல்வளையும் நன்றாக மேலே ஏறும் என்றார்கள். ஆயுள் முழுக்க விசில் ஊதிய மனிதருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குரலை உயர்த்தும் பயிற்சிக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் என்ன வார்த்தைகள் வேண்டும் என்று கேட்டார். "செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி" என்றார் இவர். இப்போது காலையில் எங்கள் வீட்டில் அந்த நிறுத்தங்கள் ஒலிக்கின்றன. நான்கு வாரம் கழித்து மதியச் சாப்பாடு 35 நிமிடத்தில் முடிந்தது.

அந்த நான்கு வாரமும் ஊசியை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தேன், எது எதனால் என்று பிரித்துப் பார்க்க. சாப்பாட்டு நேரம் ஊசி இல்லாமலே குறைந்தது. துண்டு மட்டும் இரண்டிலிருந்து மூன்றாகக் கூடியது. பின்கழுத்தின் இறுக்கமும் திரும்ப வந்தது என்று அவரே சொன்னார். ஒரே ஒருவரின் கணக்கு இது, பெரிய முடிவுக்குப் போதாது. என் மகன் ஆய்வுகளைத் தேடிப் படித்துச் சொன்னான். விழுங்கலுக்கு அக்குபஞ்சர் செய்து பார்த்தவை பெரும்பாலும் சீனாவில், பக்கவாதம் வந்தவர்களுக்கு. பார்க்கின்சனுக்கு என்று செய்தவை குறைவு, சிறியவை. அவற்றிலும் ஊசியைப் பயிற்சியோடு சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது.

ஆகவே என் மதிப்பீடு: நேர்மைக்கும் சுத்தத்துக்கும் ஐந்துக்கு ஐந்து. விழுங்கலுக்கு இரண்டுதான். எச்சிலுக்கும் கழுத்து இறுக்கத்துக்கும் மூன்றரை தருவேன். இப்போது வாரம் ஒரு முறை மட்டும் போகிறோம், பயிற்சியை ஒரு நாளும் விடாமல். போன வாரம் படத்தின் அறிக்கையை நகலெடுத்து அங்கே கொடுத்தேன். அந்த அம்மா அதை முழுவதும் படித்துவிட்டு, விழுங்கல் சிரமத்தோடு இனி வருபவர்களிடம் முதலில் இதைக் கேட்கிறேன் என்று சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: நிலையம் முதல் மாடியில் இருக்கிறது, லிப்ட் இல்லை, 19 படிகள். கைப்பிடி இடது பக்கம் மட்டும். வாசலில் கிடக்கும் மிதியடியில் இவருக்குக் கால் ஒட்டிக்கொள்ளும், கேட்டால் எடுத்துவிடுவார்கள். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் உள்ளே போகும்படி நேரம் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குச் செவ்வாய் காலை 11 மணி தந்திருக்கிறார்கள்.