பெர்லினில் "தமிழில் நகர நடை": பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பெர்லினில் வேலை கிடைத்திருக்கிறது, குடி போகும் முன் ஊரை ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. "மொழி தெரியாத ஊரில் அலைய வேண்டாம், தமிழிலேயே நடத்திக் காட்டுகிறோம், வீடும் பார்த்துத் தருகிறோம்" என்று. அதில் நானும் என் கணவரும் 820 யூரோ இழந்தோம். நடைக்கு 220. ஒரு வீட்டை எங்கள் பெயரில் பிடித்து வைக்க 600. அந்த வீடு வாடகைக்கு வந்த வீடே இல்லை. அதே விளம்பரம் இப்போதும் வேறு குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பெர்லின் சின்ன ஊர் இல்லை. 891 சதுர கிலோமீட்டர், அதாவது சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு பங்கு. ஒவ்வொரு பகுதிக்கும் தனி முகம். கணவருக்கு அலுவலகத்திலிருந்து முன்கூட்டியே அழைப்பு வந்திருந்தது. வேலை போக மிச்சமிருக்கும் நேரத்தில் எங்கே குடியிருக்கலாம் என்று பார்க்க வேண்டும், கூடவே நான்கு வயது மகள். யாராவது ஊர் தெரிந்தவர் கூட வந்தால் நல்லது என்றுதான் பணம் கட்டினோம். நான்கு குடியிருப்புப் பகுதிகள், கடை, கிட்டா என்கிற குழந்தைகள் பள்ளி, பூங்கா, ரயில் நிலையம் எல்லாவற்றையும் நடந்து காட்டுவதாக எழுத்தில் சொல்லியிருந்தார்கள்.

வந்தவர் தமிழ்ப் பையன்தான். மரியாதையாகப் பேசினார். அலெக்ஸாண்டர் பிளாட்ஸில் நிற்க வைத்து, டிவி கோபுரம் 1969-இல் திறந்தது, 368 மீட்டர் உயரம் என்று ஆரம்பித்தார். அங்கிருந்து மியூசியம் தீவு, அப்புறம் பிராண்டன்பர்க் வாசல். எல்லாம் அழகான இடங்கள்தான், ஆனால் அங்கே யாரும் குடியிருக்கப் போவதில்லை. கிட்டாவைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் வந்த பிறகு பாத்துக்கலாம் அக்கா" என்றார். பெர்லினில் கிட்டாவுக்கு 2018-இலிருந்து மாதக் கட்டணம் கிடையாது, சாப்பாட்டுக் காசு மாதிரி சின்னச் செலவுகள்தான். ஆனால் அதற்கென்று ஒரு வவுச்சர் வாங்கி, நாமே இடம் தேடிப் பிடிக்க வேண்டும். குழந்தையோடு வருகிற குடும்பம் எந்தப் பகுதியில் இருப்பது என்று முடிவு செய்வதே இதை வைத்துத்தான். வழிகாட்டி என்று காசு வாங்குகிறவர் இதைக்கூடச் சொல்லவில்லை.

நேரம் போய்விட்டது என்று சொல்லி, யு8 ரயிலில் ஏற்றி போடின்ஷ்ட்ராசேயில் இறக்கினார். நொய்கோல்ன் பகுதியில், டெம்பெல்ஹோஃப் திடலை ஒட்டிய ஷில்லர்கீட்ஸ் என்கிற பேட்டை. நான்கு பகுதிகள் என்றது இந்த ஒன்றோடு முடிந்தது. நேராக ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஓனரின் தம்பி என்று ஒருவர் கதவைத் திறந்தார்.

அந்த வீட்டைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இதே மாதிரி வீட்டைத்தான் காட்டுவார்கள். மூன்றாவது மாடி, இரண்டு அறை, உயரமான கூரை, மரத் தரை. வாடகை அக்கம்பக்கத்தைவிடக் குறைவு: சூடாக்கும் செலவு சேர்க்காமல் 890 யூரோ. கட்டிலின் மேல் வெள்ளைத் துண்டுகள் இரண்டு, விளிம்பு பிசகாமல் மடித்து வைத்திருந்தது. குளியலறையில் சின்னச் சின்ன ஷாம்பூ பாட்டில்கள். ஃபிரிட்ஜ் கதவில் வைஃபை கடவுச்சொல் எழுதி லேமினேட் செய்த அட்டை. தண்ணீர் குடிக்க டம்ளர் தேடி அலமாரியைத் திறந்தேன். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, ஒரு பருப்பு டப்பா இல்லை. காப்பிப் பொட்டலங்கள் மட்டும். "ஓனர் அடிக்கடி வெளியூர் போவார்" என்று பதில் வந்தது.

"இன்னும் மூணு குடும்பம் வெயிட்டிங்ல இருக்கு அக்கா. இன்னிக்கே 600 போட்டா வீடு உங்களுக்கு" என்று பையன் அவசரப்படுத்தினார். ஓனர் பெயர் போட்ட ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று மாத முன்பணம் 2,670 யூரோவைத் திங்கட்கிழமைக்குள் அனுப்பினால் சாவி தருவதாகச் சொன்னார்கள்.

அந்த 2,670 தப்பியது ஞாயிற்றுக்கிழமை நாங்களாக நடந்ததால். ஞாயிறு பெர்லினில் கடைகள் மூடிக் கிடக்கும். தெரு ஓசையில்லாமல் இருக்கும், அதனால் கட்டடங்களை நின்று நிதானமாகப் பார்க்கலாம். ஹெர்மன்பிளாட்ஸில் இறங்கி, மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடந்தோம். கருங்கல் பாவிய குறுக்குத் தெருக்களில் வண்டியைத் தள்ளுவது எவ்வளவு பாடு என்று நடந்தால்தான் தெரிகிறது. டெம்பெல்ஹோஃப் திடலில் விமானங்கள் ஓடிய பழைய ஓடுபாதையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். 2008-இல் விமான நிலையத்தை மூடி, 2010-இல் பூங்காவாகத் திறந்தார்கள். அங்கே கட்டடம் கட்டக் கூடாது என்று 2014-இல் மக்களே வாக்களித்துத் தடுத்துவிட்டார்கள். அந்தத் திடலைப் பார்த்ததும் இந்தப் பேட்டையிலேயே இருந்துவிடலாம் என்று எங்களுக்கு ஆசை வந்தது உண்மை.

வீட்டைத் தேடிப் பிடிக்கவே நேரம் ஆனது. பெர்லினின் பழைய தெருக்கள் பலவற்றில் கதவு எண் ஒரு பக்கமாகவே ஏறிக்கொண்டு போய், தெரு முடியும் இடத்தில் திரும்பி, எதிர்ப்பக்கமாக வந்து சேரும். 12-க்கு எதிரே 90 இருக்கும். இது தெரியாமல் போனால் தெருவை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டியதுதான். ஒவ்வொரு முக்கிலும் தெருப் பெயர்ப் பலகையிலேயே அந்தப் பக்கத்துக் கதவு எண்கள் எதிலிருந்து எதுவரை என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

கட்டட வாசலில்தான் விஷயம் வெளியே வந்தது. இங்கே அடுக்குமாடிகளில் நம் ஊர்போல ஃபிளாட் எண் எழுதியிருக்காது. அழைப்புமணிப் பலகையில் குடியிருக்கிறவர்களின் குடும்பப் பெயர்தான் இருக்கும். தபால் வருவதும் அந்தப் பெயருக்குத்தான். நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்த ஓனர் பெயர் அந்தப் பலகையில் எங்குமே இல்லை. சரி, ஓனர் அங்கே குடியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே என்று பார்த்தால், எங்களுக்குக் காட்டிய வீட்டின் மணியில் மனிதர் பெயரே இல்லை, இரண்டு ஆங்கில எழுத்து மட்டும். சைக்கிள் நிறுத்தும் கம்பியில் தீப்பெட்டி அளவைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று, எண் பூட்டோடு தொங்கியது. உள்ளே சாவி.

மாடியிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்மணியிடம் ஆங்கிலத்தில் கேட்டோம். அவர் முகம் மாறிவிட்டது. அது சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடு, வாரத்துக்கு ஒரு கூட்டம் பெட்டியோடு வரும் என்றார். இதற்கு முன்பும் ஒரு தம்பதி, இது தங்கள் வீடு என்று ஒப்பந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்களாம். எவரோ இரண்டு நாளுக்கு அந்த வீட்டை எடுத்து, அந்த இரண்டு நாளில் வருகிற ஒவ்வொருவரிடமும் தன் வீடாகக் காட்டி முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். வீட்டை நேரில் பார்த்தாகிவிட்டது என்ற நம்பிக்கையைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

அன்று மாலை பிரிட்ஸில் இருக்கும் மயூரபதி முருகன் கோயிலுக்குப் போனோம். ஈழத் தமிழர்கள் எழுப்பிய கோயில். அங்கே பல வருடமாக பெர்லினில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "தங்கச்சி, பெல்லிலை பேர் இல்லாத வீட்டுக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ. அன்மெல்டன் செய்யேலாத வீடு வீடே இல்லை" என்றார். அந்தக் கோயில் வாசலில் காசு வாங்காமல் கிடைத்த தகவல், 220 யூரோ கொடுத்த நடையில் கிடைக்கவில்லை.

அவர் சொன்னதையும், பிறகு நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். அக்கா "அன்மெல்டன்" என்றது அன்மெல்டுங் செய்வதை, அதாவது முகவரிப் பதிவை. குடியேறிய 14 நாளுக்குள் செய்ய வேண்டும். அதற்கு வீடு கொடுப்பவர் கையெழுத்திட்ட ஓர் உறுதிச் சான்று வேண்டும். பதிவு நடந்தால்தான் வரி எண் தபாலில் வரும். வரி எண் இல்லாமல் சம்பளம் போட்டால் ஆறாம் வரி வகுப்பில், அதாவது மிக அதிகமாக, பிடித்துக்கொள்வார்கள். அதனால் "அன்மெல்டுங் உண்டா, அந்தச் சான்றில் யார் கையெழுத்துப் போடுவார்?" என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். எங்கள் "ஓனர்" இதற்கு மட்டும் பதிலே சொல்லவில்லை.

கௌட்சியோன் என்கிற முன்பணம், சூடாக்கும் செலவு சேர்க்காத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட வாடகைதாரருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. முதல் தவணை வாடகைக் காலம் தொடங்கும்போதுதான். சாவி கைக்கு வரும் முன் முழுத் தொகையும் அனுப்பு என்று கேட்டால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தரகர் விஷயத்தில் 2015 ஜூனிலிருந்து சட்டம் மாறிவிட்டது: தரகரை யார் அமர்த்தினாரோ அவரே கூலி தர வேண்டும். வீட்டுக்காரர் அமர்த்திய தரகர் வாடகைக்கு வருகிறவரிடம் கூலி கேட்க முடியாது, வீடு காட்டினதற்கென்று தனிக் காசும் வாங்க முடியாது. வீட்டில் இருக்கிறவரே உள்வாடகைக்கு விடுகிறார் என்றால், வீட்டுக்காரரின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

வங்கிக் கணக்கையும் பாருங்கள். ஜெர்மன் கணக்கின் ஐபேன் எண் டிஇ என்று தொடங்கும். எங்களுக்குக் கொடுத்தது எல்டி, லித்துவேனியா. வெளிநாட்டுக் கணக்கு என்பதாலேயே மோசடி ஆகிவிடாதுதான். ஆனால் பெர்லினிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று சொன்ன ஓனருக்கு, பெயரும் பொருந்தாத வேற்று நாட்டுக் கணக்கு எதற்கு?

திங்கட்கிழமை காலையில் அந்த நிறுவனத்துக்குப் பேசினோம். "நாங்க வழிகாட்டி மட்டும்தான், வீட்டுக்காரங்க வேற" என்றார்கள். 600 யூரோவை அனுப்பச் சொல்லி கணக்கு எண்ணைக் கொடுத்ததே அந்தப் பையன்தான். ரசீது அனுப்பு என்று கேட்டதும் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். ஊர் விட்டு ஊர் வருகிறவர்களுக்குச் சொந்த மொழிக் குரல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரிந்தே, அந்த ஆறுதலைத் தூண்டில் ஆக்கியிருக்கிறார்கள். எனக்குப் பணத்தைவிட இதில்தான் கோபம்.

பெர்லின் போலீஸில் இணையம் வழியாகவே புகார் கொடுக்கலாம். நாங்கள் கொடுத்துவிட்டோம், பதிவு எண் வந்திருக்கிறது. வங்கி வழியாகப் போன 600-ஐத் திரும்ப எடுக்க முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். கார்டில் கட்டிய 220-க்கு, சொன்ன சேவை தரவில்லை என்று கார்டு நிறுவனத்திடம் முறையீடு போட்டிருக்கிறோம். நான்கு பகுதிகள் என்று எழுதியிருந்த விளம்பரத்தின் படம் அதற்குக் கைகொடுத்தது. இதே மாதிரி பணம் கட்டியிருந்தால் விளம்பரம், உரையாடல், ரசீது எதையும் அழிக்காமல் வையுங்கள். ஒப்பந்தத் தாள் கைக்கு வந்து சந்தேகமாக இருந்தால், பெர்லினின் மாவட்ட அலுவலகங்களில் வாடகைதாரர்களுக்கு இலவச ஆலோசனை நேரம் உண்டு. குடி வந்த பிறகு பெர்லினர் மீட்டர்ஃபெராயின் என்கிற வாடகைதாரர் சங்கத்தில் சந்தா கட்டிச் சேர்ந்தால் வழக்கறிஞரே ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வார். புகாரில் எங்களைப்போல் ஏமாந்தவர்களையும் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறோம். இதே ஷில்லர்கீட்ஸ் வீட்டுக்குப் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.