மலைச்சாலையில் ஒரு மரணம்: 'கொன்ட்ராதியெம்போ'

கோத்தகிரியில் மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்ட ஒரு நாளில், ஸ்பானிய இயக்குநர் ஓரியோல் பாவ்லோவின் 'கொன்ட்ராதியெம்போ' (2016) படத்தைப் பார்த்தேன். மறுநாளே மீண்டும் பார்த்தேன். 'தி இன்விசிபிள் கெஸ்ட்' என்ற ஆங்கிலத் தலைப்பில் நம்மவர் பலர் இதை அறிவர். 2019இல் இந்தியில் வந்த 'பத்லா' இதன் மறுஆக்கமே.

மலைப்பகுதி விடுதி ஒன்றில், உட்புறம் தாழிட்ட அறையில், தொழிலதிபர் அத்ரியான் தோரியாவின் காதலி லாரா கொலையுண்டு கிடக்கிறாள்; அறையில் இருந்தவர் அவர் ஒருவர் மட்டுமே. அவரை வாக்குமூலத்துக்கு ஆயத்தப்படுத்த விர்ஜீனியா என்ற மூத்த வழக்குரைஞர் வருகிறார். மூன்று மணி நேரத்துக்குள் உண்மை முழுவதையும் சொல்லியாக வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

அத்ரியான் சொல்லும் கதை ஒரு மலைச்சாலையில் தொடங்குகிறது. குறுக்கே வந்த மானைத் தவிர்க்க வண்டியைத் திருப்பியதில் விபத்து நேர்ந்து, எதிரே வந்த காரின் இளைஞன் உயிரிழக்கிறான். காதலர் இருவரும் காவல்துறைக்குச் சொல்லாமல் அதை மறைக்கிறார்கள். வளைவில் திடீரெனக் கடமானோ காட்டெருமையோ நிற்கும் நீலகிரிச் சாலைகளில் இரவு வண்டி ஓட்டிப் பழகிய எனக்கு, இந்தக் காட்சியில் மூச்சு நின்றது. பழுதான காருடன் தனியே நிற்கும் லாராவுக்கு உதவ வருபவர் இறந்தவனின் தந்தையாகவே இருப்பதை நம்ப இயலாத தற்செயல் என்று குறைகூற இடமுண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். எங்கள் மலையில் ஆளில்லாத சாலையில் வண்டி நின்றால் முதலில் வந்து நிற்பவர் பக்கத்து ஹட்டிக்காரராகத்தான் (ஹட்டி என்பது படுகர் ஊர்) இருப்பார். அந்தச் சாலையில் அடிபட்டவரும் பெரும்பாலும் அவருக்கு உறவினராகவோ தெரிந்தவராகவோதான் இருப்பார்.

முடிவில் வரும் திருப்பத்தைச் சொல்லிவிடுவது படத்துக்குச் செய்யும் துரோகம். அதற்கான தடயங்களை இயக்குநர் ஒளித்து வைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். ஒரே நிகழ்வு வெவ்வேறு வாய்மொழிகளில் மீண்டும் காட்டப்படும்போது குற்றத்தின் பாரம் ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறுகிறது. சொல்பவரை நம்பியதால்தான் ஏமாந்தோம் என்பது இரண்டாம் முறை பார்க்கையில் விளங்குகிறது. விர்ஜீனியாவாக வரும் ஆனா வாகெனெரின் ஒவ்வொரு பார்வைக்கும் அப்போது வேறு பொருள் கிடைக்கிறது.

காதலர்களின் உறவுக்கு ஆழம் போதவில்லை. லாராவை ஏற்ற பார்பரா லென்னியின் திறமையே அந்தக் குறையை ஓரளவு மறைக்கிறது. இறுதி நிமிடங்களில் நாமே ஊகித்துவிட்டவற்றையும் விளக்கிக் காட்டுவதைச் சுருக்கியிருக்கலாம். ஆயினும் தந்தையாக நடித்த ஹோசே கொரோனாதோ, மகனைத் தேடும் காட்சிகளில் குரலை உயர்த்தாமலே இந்தப் புதிர்க்கதைக்குள் ஒரு குடும்பத்தின் துயரத்தைக் கொண்டுவந்து விடுகிறார். கொலையாளி யார் என்ற கேள்வியைவிட, அவருக்கு அவர் மகனின் உடலாவது கிடைக்குமா என்ற தவிப்புதான் என்னைக் கடைசிவரை உட்கார வைத்தது.