ஒரு வருடம் கேட்டாயிற்று: பாட்டு பிரமாதம், வாசித்தவர் பெயர் எங்கே?

நான் பாட்டுக் கேட்கும் ஆப்பின் ஆண்டுச் சந்தாவை இந்த மாதம் குறைத்திருக்கிறார்கள். "வருஷம் பூரா அதில்தானே நாட்டுப்புறப் பாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தாய், எடுக்கலாமா?" என்று நண்பர் கேட்டார். ஒலித் தரம், டவுன்லோட் வசதி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிலெல்லாம் எனக்குக் குறையே இல்லை. கோபம் வேறு இடத்தில்.

முதலில் கிடைத்த நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் நான் கண்டெடுத்தவர்களில் முதலிடம் ஃப்ரெட் மெக்டவலுக்கு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கோமோ என்ற சிற்றூர்ப் பக்கம் பருத்திக் காட்டில் பாடுபட்டவர். 1959 செப்டம்பரில், ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாட்டுகளைப் பதிவு செய்த ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கே போனார். ஆங்கிலப் பாடகி ஷெர்லி காலின்ஸும் கூடப் போனார். ஐம்பது வயதைத் தாண்டியிருந்த மெக்டவல் அதுவரை ஓர் இசைத்தட்டுக்கும் பாடியதில்லை. அன்று பதிவான பாட்டுகளில் அவர் ஒரு வரியைப் பாதியில் விட்டுவிடுவார், மீதியைக் கிடார் கம்பி வழுக்கிக்கொண்டே பாடி முடிக்கும். இதைக் கேட்டபின் வாரக்கணக்கில் எனக்கு வேறு எதுவும் ஏறவில்லை.

சில பாட்டுகளில் கிடாருக்குப் பின்னால் 'ர்ர்ர்' என்று அதிர்ந்துகொண்டே ஒரு மெல்லிய சத்தம் கூடவே ஓடும். போன் ஸ்பீக்கரில் அது காதிலேயே விழாது, ஹெட்போன் வேண்டும். என்ன கருவி, யார் வாசிக்கிறார்கள் என்று ஆப்பில் பார்த்தால் ஒற்றைப் பெயர்: ஃப்ரெட் மெக்டவல். ஆண்டு என்று போட்டிருப்பதும் 1959 அல்ல, மறுவெளியீடு வந்த ஆண்டு. கடைசியில் இணையத்தில் இருக்கும் லோமாக்ஸ் ஆவணக் காப்பகத்தில்தான் விடை கிடைத்தது. ஃபேனி டேவிஸ் என்ற பெண்மணி சீப்பின்மேல் காகிதத்தை வைத்து ஊதுகிறார். சின்ன வயதில் நம்மில் பலர் ஊதியதுதான்! இரண்டாவது கிடார் மைல்ஸ் ப்ராட்சர். இந்த இரண்டு பெயர்களும் தெரிந்த பிறகு அதே பாட்டைத் திரும்பக் கேட்டேன். மூன்று பேர் நெருங்கி உட்கார்ந்து வாசிப்பது அப்போதுதான் காதுக்குத் தெளிவாகப் பிரிந்தது. அதுவரை எல்லாம் ஒரே ஆளின் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

மெக்டவல் 1972-ல் இறந்தார். அவர் கல்லறையில் முதலில் இருந்த கல்லில் அவருடைய பெயரையே தப்பாகப் பொறித்திருந்தார்கள். 1993-ல்தான் பாடகி பானி ரெய்ட் செலவில் சரியான பெயரோடு புதுக் கல் வந்தது. இதைப் படித்த நாளிலிருந்து இந்தப் பெயர் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது.

அப்புறம் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி எலிசபெத் காட்டன். இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்குக் கட்டிய கிடாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து வாசிப்பார். தடித்த கம்பிகள் கீழே போய்விடுவதால் விரல்கள் அடிநாதம் போடும், கட்டைவிரல் மெட்டு வாசிக்கும். மற்றவர்கள் செய்வதற்கு நேர் தலைகீழ். சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த அவரை அந்த வீட்டு மகன் மைக் சீகர் பதிவு செய்ய, 1958-ல் ஃபோக்வேஸ் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. சிறுமியாக இருந்தபோது அவர் கட்டிய 'ஃப்ரெய்ட் ட்ரெயின்' பாட்டு இங்கிலாந்துக்குப் போய், அங்கே வேறு ஆட்கள் பெயரில் காப்புரிமை வாங்கப்பட்டது. அது அவர் பாட்டு என்று ஊர் ஒத்துக்கொள்ள நாளாயிற்று.

எட் யங், லோனி யங் சகோதரர்களின் நாணல்குழலும் டிரம்மும் தனி உற்சாகம். அதுவும் கோமோ பதிவுதான். காலையில் சமையல் வேலையின்போது போட்டால் கால் நிற்காது.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், பதிவு நிறுவனம் அனுப்பும் தகவலைத்தான் ஆப் காட்ட முடியும், பழைய பதிவுகள் பல கைமாறி வந்தவை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மோசஸ் ஆஷ் 1948-ல் தொடங்கிய ஃபோக்வேஸில் தட்டோடு ஒரு சிறு புத்தகமும் வைப்பது வழக்கம். யார் பாடினார், யார் வாசித்தார், எந்த ஊர் என்று அதில் இருக்கும். 1987-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் அதை ஏற்றெடுத்த பிறகு அந்தப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். இருக்கும் தகவலை எடுத்துப் போட என்ன தடை? பாட்டு முடிந்ததும் 'இதுவும் பிடிக்கலாம்' என்று ஏதோ ஒரு தூக்கம் வரவழைக்கும் கிடார் இசையைத் தள்ளிவிடத் தெரிகிறது, சீப்பு ஊதியவர் பெயரைப் போடத் தெரியவில்லை.

நம்மூர் நையாண்டி மேளப் பதிவுகளுக்கும் இதே கதிதான். கோயில் பெயர், திருவிழாப் பெயர் எல்லாம் தலைப்பில் இருக்கும். தவில் யார், பம்பை யார் என்பது பெரும்பாலும் இருக்காது. மூச்சுப் பிடித்து வாசித்த மனிதருக்கு ஒரு வரி இடம் இல்லை என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, நண்பருக்குப் பதில். இவர்களையெல்லாம் எனக்கு அறிமுகப்படுத்தியது இந்த ஆப்தான். ஒரு வருடத்தில் இவ்வளவு நல்ல இசையை நான் முன்பு கேட்டதே இல்லை. ஆனாலும் குறைத்த விலைக்கும் நான் புதுப்பிக்கப் போவதில்லை. நீ எடுத்தால் தடுக்க மாட்டேன். அதற்கு முன்னால் லோமாக்ஸ் காப்பகத்தைத் திற, அங்கே கேட்கக் காசில்லை. 1959, கோமோ என்று தேடி, பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர்களைப் படித்துவிட்டு ஹெட்போனில் கேள்.