பிளவுபட்ட ஆட்சி: வாஷிங்டன், பாரிஸ், கொழும்பு

ஆட்சித் தலைவர் ஒரு கட்சியாகவும் நாடாளுமன்றப் பெரும்பான்மை எதிர்க்கட்சியாகவும் அமைவது மக்கள் அளித்த வாக்கின் விளைவே. எனவே அதைக் குறையென்று ஒதுக்குவதைவிட, இழுபறி முற்றும்போது யார் இறங்கிவர வேண்டும் என்பதை ஒவ்வொரு அரசமைப்பும் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

அமெரிக்க அரசமைப்பு இதற்கு விடை சொல்வதில்லை. கொள்கை வேறுபாட்டுக்காக அதிபரை நாடாளுமன்றம் நீக்க முடியாது. அதிபரும் அதைக் கலைக்க முடியாது. 1995 டிசம்பரில் ஜனநாயகக் கட்சி அதிபர் கிளின்டனும் நாடாளுமன்றத்தின் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மையும் மோதியபோது அரசுப் பணிகள் 21 நாள் முடங்கின. ஆனாலும் அதே இரு தரப்பும்தான் 1996இல் சமூகநலச் சீர்திருத்தச் சட்டத்தையும் நிறைவேற்றின என்பதை மறக்கலாகாது.

பிரான்சில் நிலைமை வேறு. நாட்டின் கொள்கையை அரசாங்கமே வகுத்து நடத்தும் என்று 1958 அரசமைப்பு கூறுவதாலும், அந்த அரசாங்கத்தைக் கீழவை கவிழ்க்க முடியும் என்பதாலும், பெரும்பான்மை கைமாறியதும் உள்நாட்டு அதிகாரம் தானாகவே பிரதமரிடம் போய்ச் சேர்கிறது. 1986 ஜூலையில் தனியார்மய ஆணைகளில் கையெழுத்திட அதிபர் மித்தரான் மறுத்தார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த பிரதமர் சிராக் அவற்றையே மசோதாவாக்கி நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்டார். அதிபரின் எதிர்ப்பு பதிவானது, ஆட்சியோ நிற்கவில்லை. மூன்றில் இதுவே சிறந்த ஏற்பாடு என்பது என் கணிப்பு.

இலங்கையின் 1978 அரசமைப்பு வெளித்தோற்றத்தில் பிரான்சைப் போன்றது. உள்ளே முக்கியமான ஒரு மாற்றம் உண்டு. ஜனாதிபதியே அமைச்சரவையின் தலைவர். விரும்பிய துறையைத் தன்வசம் எடுத்துக்கொள்ளலாம். எனவே 2001 தேர்தலில் வென்று பிரதமரான ரணில் விக்கிரமசிங்கவின் கையில் பெரும்பான்மை இருந்ததே தவிர, பிடி இருக்கவில்லை. 2003 நவம்பரில் அவர் வாஷிங்டனில் இருந்த வேளையில், எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பாதுகாப்பு, உள்துறை, ஊடகத்துறை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டார். அடுத்த பிப்ரவரியில் நாடாளுமன்றத்தையும் கலைத்தார். புலிகளுடனான அமைதி முயற்சி நடந்துகொண்டிருந்த காலம் அது என்பதால், இந்த அதிகாரப் போட்டியின் விலை வேறெங்கையும்விட அங்கே கூடுதல்.

நாடாளுமன்றம் முதலில் கூடி நாலரை ஆண்டுகள் நிறைவதற்குள் அதைத் தன்விருப்பப்படி கலைக்க முடியாதென 2015இல் 19ஆவது திருத்தம் ஜனாதிபதியின் கையைக் கட்டியது. 2018இல் ரணிலைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கிய ஜனாதிபதி சிறிசேன, நாடாளுமன்றத்தையும் கலைத்தபோது, உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைக் காட்டியே கலைப்பு செல்லாதென ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சில நாட்களில் ரணில் மீண்டும் பிரதமரானார்.