எரெவானில் வாங்கிய கைநெசவுக் கம்பளம்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2015 அக்டோபரில் ஆர்மீனியத் தலைநகர் எரெவானில், ஒரு குடும்பக் கடையில் வாங்கிய கம்பளத்தைப் பற்றியது இந்தப் பதிவு. வாங்கிய மாதமே எழுதியிருந்தால் நிறத்தையும் வடிவத்தையும் புகழ்ந்து முடித்திருப்பேன். ஒன்பது ஆண்டுகள் அதன்மேல் நடந்து, உட்கார்ந்து, இரண்டு முறை தேநீரைக் கொட்டி, ஒரு முறை அந்துப்பூச்சிக்கு இரையாகவும் கொடுத்த பிறகு, சொல்ல வேண்டியவை வேறாகிவிட்டன. கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. அவர்கள்மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும்.

கம்பளத்தின் அளவு 1.5 மீட்டருக்கு 2.2 மீட்டர். பாவும் ஊடையும் பருத்தி நூல். முடிச்சுகள் முழுவதும் ஆட்டுக் கம்பளி. நீளத்திலும் அகலத்திலும் பத்து சென்டிமீட்டருக்கு நாற்பது முடிச்சு வீதம், மொத்தம் ஏறத்தாழ 5,28,000 முடிச்சுகள். இரண்டு பெண்கள் மூன்று மாதம் தறியில் அமர்ந்து நெய்ததாகச் சொன்னார்கள். விலை 6,70,000 திராம். அன்றைய மதிப்பில் சுமார் 1,400 டாலர். எரெவானில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் அம்மாளுக்கு அந்தத் தொகை வீண் செலவாகவே பட்டது. இயந்திரத்தில் நெய்ததை வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளலாமே என்றார். சோவியத் காலத்து வீடுகளில் கம்பளம் சுவருக்கு உரியது. காலில் போட்டு மிதிப்பவனை அவர் இன்றும் சற்று ஐயத்தோடுதான் பார்க்கிறார்.

கடையின் முன்னறையில் விற்பனை, பின்னறையில் மூன்று தறிகள். எல்லோரும் ‘தாதிக்’, அதாவது பாட்டி, என்று அழைத்த மூதாட்டிதான் நெசவின் தலைவி. மகன் சாயம் காய்ச்சுகிறார். பேத்தி வாடிக்கையாளர்களைக் கவனிக்கிறார். நான் சென்னையிலிருந்து வந்தவன் என்றதும் தாதிக் “மெட்ராஸ்” என்று திருத்தி, “அஸ்தரார்” என்றும் சேர்த்துக்கொண்டார். உலகின் முதல் ஆர்மீனிய இதழான அது 1794இல் சென்னையில் அச்சானது என்பதை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். நம் ஊரில், ஆர்மீனியன் தெருவான அரண்மனைக்காரன் தெரு வழியாக நாள்தோறும் போகிறவர்களுக்குத்தான் தெரியாது.

பேத்தி கம்பளங்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருக்க, தாதிக் ஒன்றைப் புரட்டிப் போட்டு, “முகத்தை அப்புறம் பார்க்கலாம், ஜான், முதலில் முதுகைப் பார்” என்றார். (‘ஜான்’ என்பது இங்கே அன்பாக விளிக்கும் சொல்.) இந்த ஒன்பது ஆண்டுகளில் எனக்கு மிகவும் பயன்பட்ட அறிவுரை அதுதான். கையால் முடிந்த கம்பளத்தின் பின்பக்கத்தில் வடிவம் முன்பக்கத்தைப் போலவே தெளிவாகத் தெரியும்; ஒவ்வொரு முடிச்சையும் விரல் நகத்தால் எண்ணலாம். பசை பூசித் துணி ஒட்டியிருந்தால் அது வேறு சரக்கு. ஆர்மீனிய நெசவில் வழங்குவது இரட்டை முடிச்சு: கம்பளி இழை இரண்டு பாவு நூல்களையும் சுற்றி வந்து, அவற்றின் நடுவே இரு நுனிகளையும் வெளியே நீட்டும். பாரசீக முடிச்சு ஒரு நூலை மட்டும் முழுதாகச் சுற்றும். அதனால் நுண்ணிய வளைவுகளுக்கு அது ஏற்றது. ஆர்மீனிய வடிவங்கள் கோணல் கோணலாக, பட்டையான கோடுகளோடு இருப்பதற்கு இந்த முடிச்சும் ஒரு காரணம்.

இந்த முடிச்சின் பிடிமானத்தைப் பயன்பாட்டில் கண்டேன். அண்டை வீட்டுப் பூனை நகத்தால் பலமுறை பற்றி இழுத்தும் ஒரு முடிச்சும் கழன்று வரவில்லை. கதவருகே, நாள்தோறும் கால் படும் இடத்தில், மேல் இழை ஒரு மில்லிமீட்டர் அளவு தேய்ந்திருக்கலாம், வடிவம் மங்கவில்லை. மாறாக, கம்பளியில் இயல்பாக உள்ள கொழுப்பாலும் காலடிகளாலும் ஒரு மென்மையான பளபளப்பு வந்திருக்கிறது; இது வாங்கிய அன்று இல்லை.

குறைகளும் உண்டு. முதல் ஆறு மாதம் கம்பளித் துகள் ஓயாமல் உதிர்ந்தது. ஒரு முனை மற்றதைவிட இரண்டு சென்டிமீட்டர் அகலம்; தறியில் பாவின் இழுவிசை மாறினால் இப்படி நேரும் என்பதால் அதை நான் பொருட்படுத்தவில்லை, சதுரம் பிசகக் கூடாது என்பவர்கள் அளந்து வாங்க வேண்டும். உண்மையான பலவீனம் குஞ்சத்தில் இருக்கிறது. குஞ்சம் அலங்காரத்துக்குத் தைத்தது அன்று, பாவு நூலின் நுனியே அது. அறுந்தால் ஓரத்து வரிசைகள் தளரத் தொடங்கும். இரண்டு முறை தூசி உறிஞ்சும் கருவி அதைப் பற்றி இழுத்துவிட்டது. இதைக் கடையில் முன்கூட்டியே யாரும் எச்சரிக்கவில்லை.

சுத்தம் செய்வதற்கு இந்த ஊரில் பனி இருக்கிறது. புதிதாகப் பெய்த, ஈரமில்லாத பனியில் முகம் கீழாக விரித்து, முதுகில் அடித்து, எடுத்து உதறினால், கீழே ஒரு சாம்பல் நிறச் செவ்வகம் கிடக்கும். கோடையில் முற்றத்தில் குழாய் நீரும் தூரிகையுமாகப் பலர் கழுவுகிறார்கள். நான் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை கடையிலேயே கொடுத்துக் கழுவுகிறேன். சாயம் எதுவும் கசியவில்லை.

2019 கோடையில் மூன்று மாதம் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது, திவானுக்கு அடியில் வெளிச்சமும் துடைப்பமும் எட்டாத மூலையில், உள்ளங்கை அளவு கம்பளியை அந்துப்பூச்சிப் புழுக்கள் தின்று தீர்த்திருந்தன. பருத்திப் பாவு மட்டும் பல் விழுந்த ஈறு போலத் தெரிந்தது. கடைக்குக் கொண்டுபோனேன். தாதிக் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எஞ்சிய பாவு நூல்களிலேயே ஊசியால் ஒவ்வொரு முடிச்சாகப் புதிதாக இட்டார். இரண்டு வாரத்தில் கம்பளம் வந்தது. கைநெசவுக்குக் கொடுத்த விலை எதற்கு என்று அன்றுதான் விளங்கியது: பூச்சி அரித்த இயந்திரக் கம்பளத்தைக் குப்பையில்தான் போட வேண்டும், இதையோ, நெய்தவரிடமே கொடுத்து மீட்க முடிகிறது.

மனக்குறையும் அந்தப் பழுதின்போதுதான் எழுந்தது. விற்றபோது பேத்தி, இந்தச் சிவப்பு ‘வோர்தான் கர்மிர்’ என்று சொல்லியிருந்தார். அராரத் சமவெளியின் உவர்நிலத்தில் சில புற்களின் வேரில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுத்த புகழ்பெற்ற சாயம் அது. பழைய ஆர்மீனிய ஏடுகளிலும் அதைப் பயன்படுத்தினார்கள். இலையுதிர் காலத்தில் சில வாரங்கள் மட்டும், விடியற்காலையில் அந்தப் பூச்சிகள் மண்ணுக்கு மேல் வரும்; இன்று அருகிப்போய், வாழிடத்தைக் காப்பகமாக வேலியிட்டுப் பாதுகாக்கிறார்கள். பழுதுக்குப் பொருந்தும் நூலைத் தேடியபோது தாதிக் இயல்பாக, “இது தோரோன்தானே” என்றார். தோரோன் என்பது நம் மஞ்சிட்டியின் இனத்துச் செடி. அதன் வேரைப் படிகாரத்தோடு காய்ச்சிச் சிவப்பு எடுப்பார்கள். அதுவும் இந்த நாட்டின் தொன்மையான, நிலைத்து நிற்கும் சாயம்தான். ஒன்பது ஆண்டு வெயிலில் என் கம்பளத்தில் வெளுப்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அந்தப் பெருமை தோரோனுக்கே உரியது. இவ்வளவு நல்ல சரக்கை வேறு பெயர் சொல்லி விற்பானேன்? கேட்டபோது, சுற்றுலாப் பயணிகளுக்கு அந்தப் பெயர் பிடிக்கும் என்று பேத்தி சிரித்தார். தாதிக் சிரிக்கவில்லை. பழுதுக் கூலியில் பாதியைக் குறைத்துக்கொண்டார். அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

அன்றிலிருந்து கடைக்காரர்கள் சொல்லும் கதைகளை, பறவைநாக வடிவம், கழுகு வடிவம் ஆகியவற்றின் உட்பொருள் உட்பட, நான் பாதியாகவே எடுத்துக்கொள்கிறேன். நெய்தவர்கள் எழுதி வைத்தவற்றை நம்புகிறேன். கோஹர் என்ற பெண் தன் கம்பளத்தில், புதிதாகப் பழகிய கைகளால் இதை நெய்தேன், படிப்பவர் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் எழுத்துகளை முடிந்து, ஆர்மீனிய ஆண்டு 1149 என்றும் குறித்திருக்கிறாள். 551ஐக் கூட்டினால் கி.பி. 1700 வரும். தாதிக்கின் தறிக்கு மேல் மாட்டியிருக்கும் புகைப்படத்தில் இருப்பது, ஆர்மீனிய இனப்படுகொலையில் பெற்றோரை இழந்து லெபனானின் கசீர் ஊரில் வளர்ந்த சிறுமிகள் நெய்த கம்பளம். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகள் கொண்ட அதை, உதவிய அமெரிக்காவுக்கு நன்றியாக 1925இல் அதிபர் கூலிட்ஜுக்கு அளித்தார்கள். என் கம்பளத்தின் மூலையிலும் இரண்டு எழுத்துகளும் 2015 என்ற ஆண்டும் இருக்கின்றன. வாங்கிய நாளில் அவற்றைப் பூ வேலை என்று நினைத்திருந்தேன்.

வாங்க எண்ணுகிறவர்கள் சாயத்தைப் பற்றி விற்பவரிடம் கேட்காமல் பின்னறைக்குப் போய்க் கேளுங்கள். நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதாக இருந்தால், புதிய சரக்கு என்பதற்கான சான்றிதழைக் கடையிலேயே வாங்கிவிடுங்கள். எரெவானின் வெர்னிசாஜ் சந்தையில் பழைய கம்பளம் வாங்கிய நண்பர் ஒருவர் பண்பாட்டு அமைச்சகத்தின் அனுமதிக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட நேர்ந்தது. ஆண்டுக்கு இரு முறை கம்பளத்தைத் திருப்பிப் போடுங்கள், திவானையும் நகர்த்துங்கள்.

சென்ற மாதம் குஞ்சத்தைக் கட்ட மீண்டும் கொண்டுபோனேன். தாதிக்குக் கண் மங்கிவிட்டது. தறியருகே நாற்காலியில் அமர்ந்து விரலால் தடவிப் பார்த்துப் பழுதான இடத்தைச் சொல்ல, பேத்தி ஊசி பிடித்தார். சிவப்பு நூலை எடுத்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “தோரோன்” என்றார்.