கியர்பாக்ஸைக் கழற்ற விடாதீர்கள், முதலில் கத்தியை எடை போடுங்கள்

தென்னந்தோப்பில் டிராக்டருக்குப் பின்னால் ஸ்லாஷர் மாட்டிக் களை வெட்டுகிற எல்லாரும் இதைப் படியுங்கள். மெஷின் அதிர்கிறது என்று கொண்டு போனதும், தொட்டுக்கூடப் பார்க்காமல் "கியர்பாக்ஸ் போச்சுங்க" என்று சொல்கிற பட்டறையில் மெஷினை விட்டுவிட்டு வராதீர்கள். நான் விட்டுவிட்டு வந்தேன். 21,000 ரூபாயும் பன்னிரண்டு நாளும் போயின. அதிர்வு முன்னைவிட அதிகமானதுதான் மிச்சம்.

எங்களுக்கு ஆனைமலைப் பக்கம் ஏழு ஏக்கர் தென்னை. 2016-ல் இந்தப் பகுதியில் வெள்ளை ஈ வந்ததிலிருந்து காய்ப்பு பழையபடி இல்லை. கூடவே வேர்வாடல் நோய் வேறு. ஆள் விட்டுக் களை எடுத்துக் கட்டுப்படி ஆகாமல்தான் இந்த ஐந்தடி ஸ்லாஷரை வாங்கினேன். உழவு போட்டால் மேல் வேர் அறுபடும், இதில் அந்தக் கவலை இல்லை. வெட்டின புல் அங்கேயே மூடாக்காகக் கிடக்கும். மூன்று வருடம் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.

இந்த முறை ஐப்பசி மழைக்குப் பிறகு புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. உள்ளே கிடந்த கல் தெரியாமல் ஒரு கத்தி அதில் அடித்து நுனி உடைந்தது. பக்கத்து டவுனில் எல்லாரும் போகிற ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். "இன்னொண்ணு நல்லாத்தானுங்க இருக்குது, ஒண்ணு மாத்தினாப் போதும்" என்று ஒற்றைக் கத்தியை எடுத்து மாட்டிக் கொடுத்தார்கள். எனக்குச் செலவு குறைந்தது என்று நினைத்தேன். எல்லாக் கோளாறும் தொடங்கியது அந்தக் கத்தியில்தான்.

மறுநாள் தோப்பில் பி.டி.ஓ.வை, அதாவது டிராக்டரின் பின்னால் சுற்றி மெஷினை ஓட்டுகிற தண்டை, போட்டதும் சீட் நடுங்கியது. அரை மணி நேரத்தில் மட்கார்டு போல்ட் இரண்டு தளர்ந்து நின்றன. திரும்பக் கொண்டு போனேன். ஓட்டிப் பார்க்கவில்லை, கத்தியைக் கையால் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. கியர்பாக்ஸில் பேரிங் போய்விட்டது என்றார்கள். நான்கு நாள் கழித்து பில் 14,800. பேரிங் நான்கு, ஆயில் சீல் இரண்டு, டிராக்டரையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற ஷாஃப்ட்டுக்கு கிராஸ் (மூட்டில் இருக்கும் கூட்டல் குறி மாதிரியான இரும்பு) இரண்டு, ஆயில், கூலி. கழற்றின பழைய பேரிங்கைக் கொடுங்கள் என்று கேட்டேன். "அதையெல்லாம் ஸ்கிராப்புல போட்டாச்சுங்க" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஓட்டினால் முன்பு இருந்த நடுக்கத்தோடு டக டக என்று புதிதாக ஒரு அடி. ஸ்லாஷரைக் கொஞ்சம் தூக்கினால் அந்த அடி இன்னும் கூடியது. மறுபடி போனேன். ஷாஃப்ட் பேலன்ஸ் பண்ண வேண்டும் என்று 6,200 வாங்கினார்கள். ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது முறை போனபோது, புது கியர்பாக்ஸ்தான் வழி, 32,000 ஆகும், அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள்.

அட்வான்ஸ் கொடுக்காமல் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் முன்பு லேத் வைத்திருந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், இப்போது வேலையை விட்டுவிட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். ஸ்பேனரும் தராசும் இருந்தால் நீங்களே செய்யலாம்.

முதலில் ஷாஃப்ட்டை மெஷினிலிருந்தும் டிராக்டரிலிருந்தும் கழற்றிவிட்டு, பி.டி.ஓ.வை மட்டும் நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடவிட்டார். ஒரு நடுக்கமும் இல்லை. டிராக்டர் சுத்தம். அடுத்து எஞ்சினை நிறுத்தச் சொல்லி, சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஷாஃப்ட்டைத் தரையில் கிடத்தி ஒரு நிமிடம் பார்த்தார்.

"கண்ணு, இங்க வந்து பாரு. இந்த முனைக் காதும் அந்த முனைக் காதும் ஒரே வரிசையில நிக்கோணும். இது குறுக்க நிக்குது."

நடு ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்துக்கொள்ளும் கவட்டையின் காதுகளைத்தான் சொன்னார். ஒன்று படுத்தவாக்கில் இருந்தது, இன்னொன்று நின்றவாக்கில். ஷாஃப்ட் சாய்வாக ஓடும்போது கிராஸ் ஒரே சீராகச் சுற்றாது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். இரண்டு முனைக் காதுகளும் நேராக இருந்தால் ஒரு முனையில் வருகிற ஏற்றஇறக்கத்தை மறுமுனை சரிக்கட்டிவிடும். குறுக்கே மாட்டினால் இரண்டும் சேர்ந்து கியர்பாக்ஸை அடிக்கும். தூக்கும்போது ஷாஃப்ட்டின் சாய்வு கூடுவதால்தான் அந்த அடியும் கூடியிருக்கிறது. எங்களுடையது சதுரக் குழாய் ஷாஃப்ட். ஒன்றுக்குள் ஒன்று நான்கு விதமாக நுழையும், அதில் இரண்டு சரி, இரண்டு தப்பு. கிராஸ் மாற்றுவதற்காகப் பிரித்தவர்கள் தப்பாகக் கோத்துவிட்டார்கள். இழுத்து, கால் சுற்று திருப்பி, மறுபடி நுழைத்தார். ஒரு நிமிட வேலை. இதே ஷாஃப்ட்டுக்குத்தான் பேலன்ஸ் பண்ணினதாகச் சொல்லி 6,200 வாங்கியிருந்தார்கள்.

ஷாஃப்ட்டை மாட்டி ஓட்டியதும் டக டக சத்தம் நின்றது. பழைய நடுக்கம் மட்டும் இருந்தது. ஸ்லாஷரைத் தூக்கி, அடியில் நான்கு பக்கமும் தடித்த மரக்கட்டையை முட்டுக் கொடுத்து இறக்கினார். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள், உயிர் போகிற விஷயம். இரண்டு கத்தியும் போல்ட்டில் தாராளமாக ஆட வேண்டும். புதியது ஆடியது. பழையது அசையவே இல்லை. கழற்றிப் பார்த்தால் போல்ட்டைச் சுற்றி நைலான் கயிறும் சொட்டுநீர்க் குழாயின் துண்டும் சூட்டில் உருகி அரக்கு மாதிரி இறுகிக் கிடந்தன. அந்தப் பட்டறையில் மூன்று முறை வேலை பார்த்த மெஷின் இது.

அப்புறம் இரண்டு கத்தியையும் கொப்பரை எடை போடும் தராசில் வைக்கச் சொன்னார். புதியது 5 கிலோ 200. பழையது தேய்ந்து 4 கிலோ 800. நானூறு கிராமில் என்ன வந்துவிடும் என்றுதான் எனக்கும் தோன்றியது. பொறியியல் படிக்கிற மருமகன் கணக்குப் போட்டுக் காட்டினான். கத்தி நுனிப் பக்கம்தான் தேய்கிறது, அது மையத்திலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. கியர்பாக்ஸ் வேகத்தைக் கூட்டுவதால் கத்தி நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் 400 கிராம் வித்தியாசம் ஏறக்குறைய 200 கிலோ இழுப்பாக மாறி ஒவ்வொரு சுற்றிலும் கத்தியைச் சுற்றுகிற கீழ் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் இழுக்கிறது. சீட் நடுங்காமல் என்ன செய்யும்? கத்தியை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், போல்ட்டையும் சேர்த்து.

கியர்பாக்ஸையும் பார்த்துவிடலாம் என்றார். தென்னை ஈர்க்குச்சி ஒன்றைத் தரையில் நட்டு, ஒரு கத்தியின் நுனி உயரத்துக்கு ஒடித்தார். கையால் சுற்றி இன்னொரு கத்தியை அதே இடத்துக்குக் கொண்டு வந்தார். ஈர்க்கின் முனையை அதுவும் சரியாகத் தொட்டது. கத்திகள் மாட்டியிருக்கிற தட்டு வளையவில்லை, கீழ் ஷாஃப்ட்டும் வளையவில்லை. தட்டை இரண்டு கையாலும் மேலும் கீழும் ஆட்டினார், ஆட்டமே இல்லை. புது ஆயில் ஊற்றியதாக பில்லில் இருந்ததே என்று பிளக்கைத் திறந்து சுத்தமான கம்பியை விட்டு எடுத்தோம். மை மாதிரி கறுப்பு. மூடியைக் கழற்றினோம். எட்டிப் பார்த்த பேரிங்கில் ஆயில் கறை பழுப்பாகப் படிந்திருந்தது. பில்லில் எழுதியிருந்த கம்பெனி வேறு, பேரிங்கில் பொறித்திருந்த கம்பெனி வேறு. மெஷினோடு வந்த அதே பேரிங். மாற்றவே இல்லை. மாற்ற வேண்டிய நிலையிலும் அது இல்லை.

புதுக் கத்தி ஜோடி, போல்ட், நட், 90 நம்பர் கியர் ஆயில், பெரியவரின் கூலி எல்லாம் சேர்த்து 4,100 ரூபாய். அன்று மாலையே நான்கு வரிசை ஓட்டினோம், நடுக்கம் இல்லை.

பணம் போனதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கத்தியின் நுனி மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதிர்வில் போல்ட் அறுந்திருந்தால் ஐந்து கிலோ இரும்பு பறந்திருக்கும். பக்கத்து வரிசையில் எங்கள் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இது தெரியாமல் ஒருவர் பட்டறை நடத்த முடியாது. தெரிந்தே "ஓட்டிப் பாருங்க, சரியாயிடும்" என்று அனுப்பினார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

போய்க் கேட்டேன். "வெளியாள் கழற்றினதுக்கப்புறம் நாங்க பொறுப்பில்லீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர்கள் கொடுத்தது நம்பர் இல்லாத வெள்ளைச் சீட்டு. ஆனாலும் கம்பெனி பெயரும் தொகையும் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. பேரிங், ஆயில், தராசில் வைத்த கத்தி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாகிவிட்டது. சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வெள்ளைச் சீட்டுதானே என்று யாரும் பேசாமல் இருந்துவிடாதீர்கள். பில் நம்பரோடு கேளுங்கள், கழற்றின சாமானைக் கேளுங்கள், முடிந்தால் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

புகார் நடப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்தக் கடையாக இருந்தாலும் சரி, சமீபத்தில் ஒற்றைக் கத்தி மாற்றியவர்கள் நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன் இரண்டையும் கழற்றித் தராசில் வைத்துப் பாருங்கள். தோப்பில் காய் பொறுக்க ஆள் வருகிற நாள் என்றால் கட்டாயம் பாருங்கள்.